அடி எடுத்துக் கொடுத்தவள்

முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் நான் சொன்ன எதற்கும் முதல் தடவையிலேயே 'ஆமா' சொல்லாத மனிதர் என் கணவர். பக்கவாதம் வந்த பிறகு அவருக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். காப்பி வேண்டுமா என்றால் ஆமா. வேண்டாமா என்றால் அதற்கும் ஆமா. ஆஸ்பத்திரியிலிருந்து கரமனையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்த முதல் வாரத்தில் இதை நினைத்துச் சமையலறையில் நின்று சிரித்தேன், பிறகு அதே இடத்தில் நின்று அழுதேன். மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு, அதனால் வலது கையும் காலும் பேச்சும் போயிற்று என்று டாக்டர் படம் போட்டு விளக்கினார். நாம் பேசுவது அவருக்குப் புரியுமா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது, பார்க்கலாம் என்றார்.

நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் நடந்தால் அவர் கண்ணும் கூடவே நடந்தது. அதை வைத்து என்ன முடிவுக்கு வர? மின்விசிறியையும் அதே கண்ணால்தான் பார்த்தார். உள்ளே அவர் இருக்கிறாரா என்பது மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும் என்றிருந்தது. இருந்தால், என்னைப் பார்த்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். திட்டினாலும் சரி.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு, மலையாளி, என் முகத்தைப் பார்த்தே பேசுவாள். மூன்றாவது வாரம், "ஆன்ட்டி, அங்கிளுக்கு எந்தெங்கிலும் காணாப்பாடமா அறியாமோ? பாட்டோ, பிரார்த்தனையோ?" என்று கேட்டாள். சொந்தமாகப் பேச முடியாதவர்களுக்குக்கூட மனப்பாடமாக இருப்பது சில சமயம் அப்படியே வெளியே வரும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறலாம் என்றாள். என் கணவருக்குப் பாட்டு வராது. பிரார்த்தனை அதைவிட வராது. அவருக்கு மனப்பாடமாக இருந்தது ஒன்றே ஒன்று, ஒரு ரயில்வே கேட் கீப்பர் தனியாக நின்று பேசும் பேச்சு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த மலையாளத்து ஊரில் தமிழ் பேசும் ஆபீஸ்காரர்கள் சிலர் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு நாடகம் போட்டுக்கொண்டிருந்தோம். பெரிய சபா ஒன்றும் இல்லை. மாலையில் ஆபீஸ் விட்டதும் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஒத்திகை. வகுப்பறை பெஞ்சில் உட்கார்ந்து முழங்கால் இடித்துக்கொள்ளாத நடிகர் எங்களில் கிடையாது. எழுதியவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், என் கணவரோடு வேலை பார்த்தவர், நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அவர் எழுதிய நாடகங்களில் ஊருக்குப் பிடித்தது கேட் கீப்பர் நாடகம்தான். கேட் கீப்பரின் மகன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டான். இன்றைக்கு இந்த வழியாகப் போகிற ரயிலில் அவன் இருக்கிறான் என்று தகவல் வருகிறது. ரயில் அங்கே நிற்காது. தகப்பன் கேட்டைச் சாத்திவிட்டு, மகன் போகிற வண்டிக்குப் பச்சை காட்ட வேண்டும். வண்டி வரும்வரை அவர் கையிலிருக்கும் விளக்கோடு பேசுகிறார். மேடையில் வேறு யாரும் கிடையாது.

கேட் கீப்பர் என் கணவர். பக்கத்துத் திரைக்குப் பின்னால் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு அடி எடுத்துக் கொடுத்தவள் நான்.

எனக்கு அந்த வேலை வந்ததற்குக் காரணம், அண்ணாச்சியை விட்டால் தமிழை வேகமாகப் படிக்கத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். தமிழ் வாயில் இருக்கும், கண்ணில் இருக்காது. தங்கள் வசனத்தை யாரையாவது படிக்கச் சொல்லி, மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வார்கள். என் கணவருடைய நோட்டும் அப்படித்தான். வசனம் அத்தனையும் சுத்தமான நாஞ்சில் தமிழ், எழுத்து அத்தனையும் மலையாளம். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது எந்த பாஷை என்று கேட்டார்.

முதல் தடவை அந்த நாடகம் போட்டபோது நான் ஒரு தப்பு செய்தேன். "நான் பச்சையைக் காட்டுனேன்" என்று சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார். ஒத்திகையில் அங்கே நிறுத்தியதே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். மறந்துவிட்டார் என்று பதறிப்போய், "அவன் பாத்திருப்பானோ" என்று அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தேன். பதற்றத்தில் கொஞ்சம் சத்தமாகவே கொடுத்துவிட்டேன் போல. மூன்றாவது வரிசை வரைக்கும் கேட்டதாம். யாருமே இல்லாத ரயில்வே கேட்டில் ஒரு பொம்பளைக் குரல். ஜனம் சிரித்துவிட்டது.

அவர் மறக்கவே இல்லை. வேண்டுமென்றேதான் நிறுத்தியிருந்தார். பஸ் பிடித்து வீடு வந்து, செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னார்: "நான் நிறுத்துனா அங்கே எனக்கு ஜோலி இருக்குன்னு அர்த்தம். நீ எதுக்குட்டீ நடுவுல வாறே?"

அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்தது. வரி வேண்டுமென்றால், கையில் சுருட்டி வைத்திருக்கும் கொடியால் வலது தொடையில் இரண்டு தரம் தட்டுவார். தட்டினால் கொடுக்க வேண்டும். தட்டாவிட்டால், அரங்கமே இடிந்து விழுந்தாலும் நான் வாயைத் திறக்கக் கூடாது. மேற்கொண்டு இரண்டு தடவை அந்த நாடகத்தைப் போட்டோம். நான் ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

பயிற்சிப் பெண் கேட்ட அன்றைக்கே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காதோரம் போய் முதல் வரியைச் சொன்னேன்: "வண்டி வரும்." அவர் உதடு அசைந்தது. பிறகு, எட்டு வாரமாக ஆமாவைத் தவிர வேறெதுவும் வராத வாயிலிருந்து, கொஞ்சம் குழறலாக, ஆனால் அதே ஏற்ற இறக்கத்தோடு, "வண்டி வரும். வராம எங்க போயிரும்? நான் கேட்டைச் சாத்துவேன். சாத்தணும்லா, அதுதானே என் ஜோலி" என்று வந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தப் பெண்ணுக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது, அவளும் அழுதாள்.

அன்று தொடங்கி தினமும் மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டில் நாடகம். அவர் நாற்காலியில், நான் ஸ்டூலில். வலது கையில் உணர்ச்சி இல்லாததால் இடது கையைத்தான் பிடித்துக்கொள்வேன். அவர் எங்கே நின்றாலும் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பேன். பிடித்துக்கொண்டு மேலே போய்விடுவார். செல்போனை அலமாரியில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டேன். கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்தன. வெளிநாட்டிலிருக்கும் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா பேசுறாரும்மா" என்றாள். பேசவில்லை, நடிக்கிறார் என்று எனக்குத் தெரியும். நாடகம் முடிந்ததும் காப்பி வேண்டுமா என்று கேட்பேன். ஆமா.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒருநாள் அவர் பேச்சின் நடுவில் இருக்கும்போது அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. கையை விட்டுவிட்டு ஓடினேன். அணைத்து, துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து "நான் பச்சையைக் காட்டுனேன்" என்று கேட்டது. பிறகு அமைதி. எடுத்துக் கொடுக்க நான் அங்கே இல்லை. கையில் பால் துணியோடு நான் வாசல்படிக்கு வந்தபோது அவர் சொன்னார்:

"என்னை ஒத்தைக்குப் பேச விட்டுராதே."

துணி கையிலிருந்து விழுந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க" என்று ஓடிப் போய் உலுக்கினேன். ஆமா என்றார்.

அந்த வரி எனக்கு நினைவில்லை. ஆனால் நாடகத்தில் இல்லை என்று அடித்துச் சொல்லவும் துணிச்சல் வரவில்லை. கேட் கீப்பர் விளக்கைப் பார்த்து இப்படிச் சொல்லக்கூடியவர்தான். அவர் பேசும் தமிழ் எங்கள் வீட்டுத் தமிழ்தான். தொனியை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது. அது விளக்கிடம் சொன்னதா, என்னிடம் சொன்னதா? என் பிழைப்பே அதில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அலமாரியின் மேல்தட்டைக் கவிழ்த்தேன். முதலில் அவருடைய மலையாள எழுத்து நோட்டு. விரல் வைத்து வரி வரியாகப் படித்தேன். இல்லை. அடுத்தது நான் மடியில் வைத்திருந்த பிரதி. அதில் ஓரத்தில் என் பென்சில் குறிகள், பச்சை வரிக்குப் பக்கத்தில் 'வாயை மூடு' என்று எனக்கு நானே எழுதிக்கொண்டது. அதிலும் இல்லை.

இரண்டாவது தடவை போட்டபோது பேச்சு வேறு மாதிரி ஆகியிருந்தது. புத்தி சரியாக இருக்கிறவன் யாராவது விளக்கோடு பேசுவானா என்று எங்களுக்கு மேடை கொடுத்த தமிழ்ச் சங்கத்தின் காரியதரிசி கேட்டுவிட்டார். அண்ணாச்சிக்கு ரோஷம் வந்து, அதையே டெலிபோன் பேச்சாக மாற்றினார். கேட் கீப்பர் ஸ்டேஷனுக்குப் போன் போடுகிறார், அங்கே யாரும் எடுக்கவில்லை, இவர் எடுத்ததாக நினைத்துப் பேசிக்கொண்டே போகிறார். அதே வரிகள், இடையிடையே 'ஹலோ'. மூன்றாவது தடவை ஒரு போட்டிக்குப் போனோம். இயக்கியவர் புதுமை விரும்பி. பேச்சை முன்கூட்டியே பதிவு செய்து ஒலிபெருக்கியில் விட்டார், என் கணவர் வாயை மூடிக்கொண்டு முகத்தை மட்டும் அசைக்க வேண்டும். மனசுக்குள் பேசுகிறாராம். "என் குரலுக்கு நானே வேடிக்கை பாக்குற மாதிரி இருந்துச்சு" என்று அவர் வீட்டில் வந்து குமுறினார். விளக்கோ, டெலிபோனோ, ஒலிபெருக்கியோ, மூன்றுக்கும் ஒரே சட்டம்தான் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. அரங்கம் முழுக்கக் கேட்கும், ஒருவர்கூடப் பதில் சொல்லக் கூடாது.

அந்த இரண்டு பிரதிகளிலும் வரி இல்லை. மிச்சமிருந்தது அண்ணாச்சியின் முதல் கையெழுத்து நோட்டு. ஒத்திகையில் பாதியை வெட்டினார் என்பதால், வெட்டியதில் அது இருந்து, என் கணவர் மனசில் தங்கியிருக்கலாம்.

அண்ணாச்சி இப்போது ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் மகளோடு ஒரு அடுக்குமாடியில் இருக்கிறார். வீட்டுக்கு வரும் நர்ஸிடம் இவரை ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன். ஒன்பதாவது மாடி. பால்கனியில் உட்கார்ந்து கீழே ஆபீஸ் பஸ்கள் ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து போய், பிளாஸ்டிக் பையில் சுற்றிய நோட்டைக் கொண்டு வந்தார். விளக்கோடு பேசும் பேச்சு அதில் பன்னிரண்டு பக்கம். வெட்டிய வரிகளின் மேல் ஒற்றைக்கோடுதான், எல்லாம் படிக்க முடிந்தது. இரண்டு பேரும் தலையை ஒட்டி வைத்துக்கொண்டு படித்தோம். ஒரு பக்கத்தை முடிக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு வந்தது.

கடைசிப் பக்கத்தை மூடிவிட்டு அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என்னுது இல்ல தங்கச்சி. நான் எழுதவும் மாட்டேன். தனியாப் பேசுறவனுக்குத் தனியாப் பேசுறோம்னு தெரியப்பிடாது. தெரிஞ்சிட்டா அவனுக்கு வாய் வராது. அவன் பேசுனது உங்கிட்டத்தான்."

எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. உள்ளே இருக்கிறார். என்னிடம் பேசியிருக்கிறார். அண்ணாச்சி சும்மா இருக்கவில்லை, "எந்த இடத்துல சொன்னான்?" என்று கேட்டார்.

"பச்சையைக் காட்டுனேன்னு சொன்னதுக்குப் பொறவு."

"அது அவன் நிறுத்துற இடம்லா? நீ எடுத்துக் குடுக்கலியா?"

"நான் அடுக்களையில இருந்தேன் அண்ணாச்சி. பால் பொங்கிட்டு."

அவர் நோட்டைத் திரும்பவும் பையில் சுற்ற ஆரம்பித்தார்.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் பஸ் நகரவே இல்லை. சந்தோஷத்தில் போனை எடுத்து, இத்தனை நாள் எடுத்த வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்க்கத்தான் போட்டேன். கேட்டதோ என் குரல். அவர் ஒரு இடத்தில் நிற்கிறார், வாய் திறந்தபடி இருக்கிறது, ஏதோ வரப் பார்க்கிறது. உடனே என் குரல் அடுத்த வரியோடு வந்து விழுகிறது. வாய் மூடிக்கொள்கிறது, மறுபடி கேட் கீப்பர் பேசுகிறார். அடுத்த வீடியோவிலும் அதேதான். அதற்கடுத்ததிலும் அதேதான். வரி வேண்டும் என்று அவர் ஒரு தடவைகூடத் தட்டவில்லை. எப்படித் தட்டுவார்? வலது கை செத்துக் கிடக்கிறது. தட்டக்கூடிய ஒரே கை, படம் முழுக்க, என் கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி இருக்கிறது.

இரண்டு மாதமாக அவர் சொந்த வார்த்தைக்காக நின்ற இடத்திலெல்லாம் நான் நாடகத்தைத் திணித்திருக்கிறேன். பக்கத்து சீட்டில் இருந்த பெண் "எந்து பற்றி சேச்சி?" என்று, எனக்கு என்ன ஆயிற்றோ என விசாரித்தாள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். பஸ் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் ஐந்து மணிக்கு ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டேன். அவர் இடது கையை எடுத்து அவர் தொடையிலேயே வைத்தேன். "வரி வேணும்னா தட்டுங்க. தட்டாட்டி நான் நடுவுல வரமாட்டேன்" என்றேன். ஆமா என்றார். அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"வண்டி வரும்" என்று தொடங்கினார். பேச்சிலேயே கேட்டைச் சாத்தினார், விளக்கைத் துடைத்தார். மகன் சின்னப் பையனாக இருந்தபோது தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்டதைச் சொல்ல வந்து, பாதியில் நின்றார். நான் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவருடைய இடது கை எழும்பி, தொடையில் தட்டியது. இரண்டு தரம்.

வரியைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். நான் சொன்னது புரிந்திருக்கிறது. பழைய ஏற்பாடு நினைவிருக்கிறது. அந்த நிமிஷம் யாராவது என்னிடம் வந்து, இனி இவ்வளவுதான், இதற்கு மேல் கிடையாது என்று சொல்லியிருந்தால்கூடச் சரி என்றிருப்பேன்.

பச்சை வரி வந்தது. "நான் பச்சையைக் காட்டுனேன்." நிறுத்தினார். கை அசையவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒரு ஆட்டோ போயிற்று, பக்கத்து வீட்டில் குழாயைத் திறந்து மூடினார்கள். அவர் ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. நெற்றி வேர்த்துவிட்டது. மேடையில் அவர் முகம் இப்படி ஆகி நான் பார்த்ததே இல்லை. பிறகு தட்டினார், இரண்டு தரம்.

"அவன் பாத்திருப்பானோ" என்று கொடுத்தேன். தலையைச் சிலுப்பினார். அது வேண்டாமாம். மறுபடி தட்டினார்.

எனக்குத் தெரிந்த இன்னொரு வரி ஒன்றுதான் இருந்தது. "என்னை ஒத்தைக்குப் பேச விட்டுராதே" என்று மெதுவாகச் சொன்னேன்.

"ஆமா" என்றார். கண் நிறைந்துவிட்டது. "ஆமா, ஆமா." என்னையே பார்த்துக்கொண்டு, அதற்கு அடுத்த வரிக்காக மறுபடியும் தொடையில் தட்டினார். நான் விடவே மாட்டேன், இங்கேயே இருக்கிறேன், எங்கேயும் போகமாட்டேன் என்று என்னவெல்லாமோ சொன்னேன். அது என் வசனம், அவருக்கு வேண்டியது அவருடையது. எந்தப் பிரதியிலும் எழுதாத அந்த வரியை நான் எங்கே போய்த் தேடி எடுத்துக் கொடுப்பேன்? அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.